பழவேற்காடு அப்டேட்: பஸ்லயே போயிட்டு வந்தாச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, தனியா பஸ்லயே பழவேற்காடு ஒரே நாள்ல போயிட்டு வர முடியுமான்னு, பாதிப் பேர் வண்டி இல்லாம போகாதன்னு சொன்னீங்க. முடியுதுங்க. பொன்னேரி போய் அங்க பஸ் மாறினேன், ஜன்னல் சீட் கிடைச்சா சுகம்.

கோட்டைய நம்பிப் போகாதீங்க. 1613ல டச்சுக்காரங்க கட்டின கெல்ட்ரியா கோட்டை இப்போ வெறும் முள்ளுப்புதர்தான், சோழமண்டலக் கரைக்கே அவங்களுக்கு இதான் தலைமையிடமா இருந்துச்சு, 1690ல நாகப்பட்டினத்துக்கு மாத்திட்டாங்க. ஆனா டச்சுக் கல்லறை இருக்கே, அதுக்காகவே போலாம். வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வச்சிருக்கான், விலா எலும்பு ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது, உள்ள படுக்கப் போட்ட கல்லுங்கள்ல பழைய டச்சு எழுத்து, குலச் சின்னம்லாம் புடைப்பா அப்படியே நிக்குது, கையால தடவிப் படிக்கலாம் போல (தொல்லியல் துறை இடம், தடவாதீங்க).

மதியம் ஏரிக்கரைல மீன் குழம்பு சாப்பாடு, காரம் தூக்கல். படகுல கூப்பிட்டாங்க, லைஃப் ஜாக்கெட்ட காணோம், வேணாம்ணேன்னுட்டேன். குடையும் தண்ணியும் கண்டிப்பா எடுத்துக்கோங்க, நிழலே கிடையாது. திரும்புற பஸ் டைம மட்டும் இறங்கும்போதே கண்டக்டர் அண்ணன்ட்ட கேட்டு வச்சுக்கோங்க.