அம்பாசிடர்: ஆக்சிலேட்டரை மிதித்தால் திணறுகிறது, அவசரம்

கோபித்தம்பி:
அண்ணா, அப்பாரு வைத்திருந்த அம்பாசிடர். நிறுத்தி வைத்து ஓடவிட்டால் ஐடிலிங் அருமையாக நிற்கிறது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் மட்டும் ஒரு நொடி திணறி, வெட்டி வெட்டி இழுத்து, அப்புறம்தான் பிக்கப் வருகிறது. பிளக் நாலும் புதுசு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பண்ணாரி கும்பிட்டுவிட்டு தாளவாடி போகணும். வழியில் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. யாராவது சொல்லுங்க.

பவானிக்காரன்:
எந்த வருஷ வண்டிங்க தம்பி? பழைய 1489 சிசி இன்ஜினா, பிற்பாடு வந்த 1800 இசுசு இன்ஜினா? பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் எந்த மேக், எஸ்யூவா, சோலெக்ஸா? இது தெரியாமல் என்ன சொல்ல?

பெருந்துறை பட்டறை:
பிளக்குக்குத் தீப்பொறி கிடைக்கத் திறந்து மூடும் பிளாட்டினம் பாயிண்ட்தான், சந்தேகமே வேண்டாம். ஃபில்லர் கேஜ் வைத்து 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இடைவெளி வைங்க. அதோடு சேர்ந்த கண்டென்சரையும் மாற்றுங்க.

சூலூர்க்காரர்:
பாயிண்ட் இல்லைங்க, பெட்ரோல். இப்போது வருவது 20 சதவீத எத்தனால். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான பழைய ஜெட்டுக்குக் கலவை லீனாகிவிடும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்துவிடும். ரப்பர் குழாயும் ஊறிப்போகும்.

காங்கயம் பத்மினி:
நானும் அதே பெட்ரோல்தான் போடுகிறேன். குழாய்களை மட்டும் மாற்றினேன், என் பத்மினி கார் நன்றாக ஓடுகிறது. 2000இல் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தபோதும் இன்ஜினில் வால்வு உட்காரும் சீட் தேய்ந்து போய்விடும் என்று இப்படித்தான் பயமுறுத்தினார்கள்.

சூலூர்க்காரர்:
பயமுறுத்தவில்லை. மைலேஜ் குறைந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்க.

காங்கயம் பத்மினி:
குறைந்தது. திணறவில்லையே.

மூத்தவர் கோவை:
இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. பழைய வண்டி வைத்திருப்பவர் முதலில் தன் வண்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே பிளேட் நகரணும். நகராவிட்டால் அதை இழுக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது.

கோபித்தம்பி:
மன்னிக்கணும், அவசரத்தில் விட்டுவிட்டேன். மார்க் 2, 1971, பெட்ரோல். கார்புரேட்டர் மேலே மணி கவிழ்த்த மாதிரி இருக்கும், உச்சியில் கறுப்பு மூடி. உறிஞ்சிப் பார்த்தேன், பிளேட் நகர்கிறது. கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் திணறல் குறைகிறது. போன வாரம்தான் கார்புரேட்டரைக் கழற்றி, கவிழ்த்து, பெட்ரோலில் கழுவி மாட்டினோம்.

பவானிக்காரன்:
கழுவியதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு! அது எஸ்யூ. சோலெக்ஸில் மிதித்தவுடன் பெட்ரோலைப் பீய்ச்சிவிட தனி பம்ப் இருக்கும். எஸ்யூவில் அது கிடையாது, அந்தக் கறுப்பு மூடிக்குக் கீழே நிற்கும் எண்ணெய்தான் அந்த வேலையைச் செய்கிறது. எண்ணெய் இருந்தால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் மெதுவாக ஏறும், அந்த நேரத்தில் காற்றின் வேகம் ஜெட்டிலிருந்து பெட்ரோலைக் கூடுதலாக இழுக்கும். இல்லாவிட்டால் பிஸ்டன் குபீரென்று எழும்பி, காற்று முந்திக்கொள்ளும். சோக் இழுத்தால் சரியாவதும் அதனால்தான். கவிழ்த்தபோது கொட்டியிருக்கும்.

மூடியைத் திருகி எடுத்து 20ஆம் நம்பர் ஆயில் ஊற்றுங்க. 20டபிள்யூ50 ஆனாலும் பரவாயில்லை. மூடியோடு இருக்கும் தண்டைத் திரும்ப இறக்கும்போது, மரை பிடிக்கக் கால் அங்குலம் இருக்கையிலேயே கைக்கு இறுக்கம் தெரியணும். ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டுப் பிஸ்டனை விரலால் தூக்குங்க. கனமாக ஏறி, விட்டால் டக்கென்று விழணும். விழாவிட்டால் எங்கோ உரசுகிறது, அப்படியே மலை ஏற்றாதீங்க.

கோபித்தம்பி:
எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லைங்கண்ணா. ஊற்றிவிட்டு சத்தி ரோட்டில் ஓட்டினேன், திணறல் போச்சு. ரொம்ப நன்றிங்க.

பெருந்துறை பட்டறை:
சந்தோஷம். மலை ஏறுமுன் பாயிண்டையும் ஒருமுறை பார்த்துடுங்க.

சூலூர்க்காரர்:
ரப்பர் குழாய் மாற்றினீங்களா தம்பி?