டிபென்ட்ஸ் ஆன் காத்திருக்குமா, காத்திருக்காதா?

ஓரிழை:
காலையில் ஒரு காணொளி பார்த்தேன். ஏஐ ஆவணத் தேடலை டாக்கர் கம்போஸில் (பல மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில், அதாவது கன்டெய்னர்களில், ஒரே கட்டளையால் எழுப்பும் கருவி) ஏற்றுவது எப்படி என்று ஒருவர் பாடம் நடத்துகிறார். யாமல் என்ற அமைப்புக் கோப்பில் ஏழு சேவைகள்: முகப்புப் பக்கம், கேள்வியை வாங்கிப் பதில் தரும் ஏபிஐ, பிடிஎஃபைத் துண்டு துண்டாக நறுக்கும் வொர்க்கர், வேலைகளை வரிசையில் வைக்கும் ரெடிஸ், தரவுத்தளத்துக்கு போஸ்ட்கிரெஸ், பொருள் ஒற்றுமையால் தேடும் வெக்டர் தளத்துக்கு கியூட்ரன்ட், மொழி மாதிரியை ஓட்ட ஒல்லாமா. ஏபிஐக்குக் கீழே டிபென்ட்ஸ் ஆன் (இவற்றைச் சார்ந்தது) என்று ஒரு பட்டியல், அவ்வளவுதான். அப்புறம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "இது இருந்தால் போதும், தளமெல்லாம் தயாரான பிறகுதான் ஏபிஐ எழும். அப் (எழுப்பு) என்று அடித்துவிட்டு நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம்."

பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இதே வரியை நம்பி வாடிக்கையாளர் முன்னால் ஏற்றிக் காட்டப் போனவன் நான். ஏபிஐ எழுந்த வேகத்தில் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" (இணைப்பு மறுக்கப்பட்டது) என்று கத்திவிட்டுச் செத்தது. வெறும் டிபென்ட்ஸ் ஆன் பார்ப்பது வரிசையை மட்டும். கன்டெய்னர் தொடங்கியதா என்று பார்க்கும், உள்ளே இருப்பது பேசத் தயாரா என்று பார்க்காது. இதை இன்னும் எத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருப்பது?

திமிங்கிலம்:
ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல். அந்த வரிக்குக் கீழே கண்டிஷன் என்று எழுதி சர்வீஸ் ஹெல்தி (சேவை நலமாக இருந்தால் மட்டும்) என்று போடுங்கள். தயாரா என்று கேட்க போஸ்ட்கிரெஸுக்கு பிஜி இஸ்ரெடி, ரெடிஸுக்கு பிங், கியூட்ரன்டுக்கு ரெடிஇசட் முகவரி. இப்படி மூன்று ஹெல்த்செக் எழுதினால் தாராளமாகக் காத்திருக்கும். என்னுடையது எட்டு மாதமாக ஓடுகிறது, ஒரு நாள் கூட விழவில்லை. கோப்பை அரைகுறையாக எழுதிவிட்டுக் கருவியைத் திட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது.

பழையசர்வர்:
காத்திருக்காது.

திமிங்கிலம்:
காத்திருக்கும். ஆவணத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள் ஐயா.

பழையசர்வர்:
ஆவணத்தைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். கம்போஸ் என்பது நீங்கள் கட்டளை அடிக்கும்போது வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிற ஆள். இரவு மூன்று மணிக்கு கெர்னல் புதுப்பிப்பு வந்து இயந்திரம் தானாக மறுதொடக்கம் ஆகிறது என்று வையுங்கள். அப்போது கன்டெய்னர்களை எழுப்புவது கம்போஸ் இல்லை, பின்னணியில் எப்போதும் ஓடும் டாக்கர் டீமன். டீமனுக்கு உங்கள் டிபென்ட்ஸ் ஆன் என்றால் என்னவென்றே தெரியாது. ரீஸ்டார்ட் ஆல்வேஸ் (எப்போதும் மறுபடி எழுப்பு) என்று போட்டிருக்கிறீர்களா, எல்லாவற்றையும் எழுப்பிவிடும். எவர் முன், எவர் பின் என்ற பேச்சே இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இப்படி ஒரு இரவு மறுதொடக்கத்தில் வொர்க்கர் முதலில் எழுந்தது. கியூட்ரன்ட் இன்னும் வட்டிலிருந்து தொகுப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தது. வொர்க்கர் ரெடிஸ் வரிசையிலிருந்து ஆவணத்தை எடுக்கும், வெக்டர் தளத்தைத் தட்டும், திறக்கவில்லை என்றதும் விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். வரிசையே காலியாகிவிட்டது. போஸ்ட்கிரெஸில் அத்தனை ஆவணமும் "முடிந்தது" என்று பச்சையாக நிற்கிறது. தேடினால் ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் யாரோ கவனித்தார்கள். பதிவில் ஒரு சிவப்பு வரி கூட இல்லை.

ஆகவே மறுபடியும் சொல்கிறேன், காத்திருக்காது.

திமிங்கிலம்:
//வொர்க்கர் தட்டும், திறக்கவில்லை என்றதும் விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும்//

இதை எழுதியது டாக்கரா, நீங்களா? வெற்றி பெறுவதற்கு முன்பே "முடிந்தது" என்று குறித்தது யார்? உங்கள் நிரலில் இருக்கும் ஓட்டைக்கு என் யாமல் என்ன செய்யும்? ஓரிழை கேட்டது அப் கட்டளையைப் பற்றி. நீங்கள் இரவு மூன்று மணி கதை சொல்கிறீர்கள்.

புதியவன்7:
அண்ணே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் இதே மாதிரி ஒன்று ஏற்றுகிறேன். எல்லாம் பச்சையாக எழுந்துவிட்டது. ஆனால் ஏபிஐ மட்டும் ஒல்லாமாவைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. முகவரி லோக்கல்ஹோஸ்ட் 11434 என்றுதான் கொடுத்திருக்கிறேன். என் கணினியின் உலாவியில் அதே முகவரி திறக்கிறது. இதுவும் டிபென்ட்ஸ் ஆன் பிரச்சினைதானா?

பழையசர்வர்:
@திமிங்கிலம், நிரலில் திரும்ப முயலும் வசதி வேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொண்டால், அப்புறம் உங்கள் கண்டிஷன் எதற்கு? நிரல் தானே காத்திருந்துகொள்ளுமே. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறீர்கள்.

கொஞ்சம் வரலாறும் கேட்டுக்கொள்ளுங்கள், காணொளியில் சொல்ல மாட்டார்கள். கம்போஸ் பிறந்தபோது அதன் பெயர் ஃபிக். 2014ல் அதை எழுதிய நிறுவனத்தை டாக்கர் வாங்கியது. கோப்பு வடிவம் 2.1ல்தான் இந்த கண்டிஷன் வந்தது. வடிவம் 3 வந்ததும் தூக்கிவிட்டார்கள். ஏன் தூக்கினார்கள்? நிரல்தான் தாங்கிக்கொள்ள வேண்டும், கருவி தாங்காது என்று. அப்புறம் கம்போஸ் ஸ்பெசிஃபிகேஷன் என்று 2, 3 வடிவங்களை ஒன்றாக்கியபோது மறுபடி உள்ளே வந்தது. போவதும் வருவதுமாக இருக்கிற ஒரு வரியை நம்பி நான் வீடு கட்ட மாட்டேன். ஃபிக் காலத்திலிருந்து டாக்கர்-கம்போஸ் அடித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

சொல்லாய்வு:
கருத்தில் தலையிடவில்லை. ஆனால் இத்தனை பேர் இத்தனை முறை "கன்டெய்னர்" என்று எழுதுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. கொள்கலன் என்று அழகான சொல் இருக்கிறதே?

பழையசர்வர்:
கொள்கலன் என்றால் கப்பலில் ஏற்றும் இரும்புப் பெட்டி. இது அது இல்லை.

சொல்லாய்வு:
டாக்கர் சின்னத்தில் அந்தத் திமிங்கிலம் முதுகில் சுமப்பது என்னவாம்?

திமிங்கிலம்:
:) சொல்லாய்வுக்கு ஒரு பூங்கொத்து.

@பழையசர்வர், //டாக்கர்-கம்போஸ் அடித்துக்கொண்டிருக்கிறேன்//

நடுவில் கோடு போட்டா அடிக்கிறீர்கள்? அது பைத்தானில் எழுதிய பழைய பதிப்பு. 2023 நடுவிலேயே அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். இப்போது கோ மொழியில் எழுதியது, கோடு கிடையாது, இடைவெளி. கோப்பின் தலையில் வெர்ஷன் என்று இன்னும் எழுதுகிறீர்கள் என்றும் நினைக்கிறேன். எழுதினால் "இது காலாவதி" என்று எச்சரிக்கை வருமே, பார்த்ததில்லையா? அதனால்தான் காத்திருக்காது என்று அடம்பிடிக்கிறீர்கள் போல. அந்தக் காலத்துக்கு அது சரியாகக்கூட இருக்கலாம்.

பழையசர்வர்:
கோடு என் விரலில் இருக்கிறது, சர்வரில் இல்லை. ஏலியஸ் (மாற்றுப் பெயர்) போட்டு வைத்திருக்கிறேன். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப் பார்த்தாலே தெரிகிறது, சொல்வதற்கு வேறொன்றும் இல்லை என்று.

சரி, உங்கள் பிஜி இஸ்ரெடிக்கே வருகிறேன். போஸ்ட்கிரெஸ் படிமம் (கன்டெய்னர் எழும் அச்சு) காலித் தரவுத்தளத்தோடு முதல்முறை எழும்போது என்ன செய்கிறது தெரியுமா? தொடக்க ஸ்கிரிப்டுகளை ஓட்ட ஒரு தற்காலிக சர்வரை எழுப்பும். அது கன்டெய்னருக்குள்ளேயே பேசும் யூனிக்ஸ் சாக்கெட்டில் மட்டும் கேட்கும், வலை வழியே வரும் டிசிபியில் கேட்காது. முகவரி கொடுக்காமல் பிஜி இஸ்ரெடி அடித்தால் அது சாக்கெட்டில் போய்க் கேட்டுவிட்டு "தயார்" என்று சொல்லும். அடுத்த நொடி அந்தத் தற்காலிக சர்வரை மூடிவிட்டு உண்மையானதை எழுப்புவார்கள். இடையில் உங்கள் ஏபிஐ வந்து முட்டிக்கொள்ளும். ஆக, ஹெல்தி என்று எழுதியும் காத்திருக்கவில்லை. இதற்கு என்ன பதில்?

திமிங்கிலம்:
127.0.0.1 (தன்னையே குறிக்கும் முகவரி) என்று முகவரி சேர்த்து அடித்தால் டிசிபியில் கேட்கும், தீர்ந்தது. ஒரு சின்னத் திருத்தம். உங்களுக்குத் தெரிந்தே அதைச் சொல்லாமல் விட்டீர்கள்.

பழையசர்வர்:
அப்படியானால் திருத்தம் போடாமல் காத்திருக்காது என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

திமிங்கிலம்:
திருத்தம் போட்டால் காத்திருக்கும் என்று நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

வெக்டர்பித்தன்:
இருவரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். "தயார்" என்று இருபது முறை சொல்லிவிட்டீர்கள், எது தயார்? போர்ட் (இணைப்பு வாசல்) திறந்தால் தயாரா? ஒல்லாமா ஒரு மாதிரி கூட இறக்காமலேயே 11434ல் பதில் சொல்லும். மாதிரி இருந்தாலும் முதல் கேள்வி வந்த பிறகுதான் நினைவகத்தில் ஏற்றும். ஐந்து நிமிடம் யாரும் கேட்காவிட்டால் இயல்பாக இறக்கியும் விடும். கியூட்ரன்ட் பச்சையாக இருக்கும், நமக்கு வேண்டிய தொகுப்பையே யாரும் உருவாக்கியிருக்க மாட்டார்கள். அதையும் விடுங்கள், உரையை எண்வரிசையாக மாற்றும் எம்பெடிங் மாதிரியை மாற்றினால்? மினிஎல்எம் எல்6 கொடுப்பது 384 பரிமாணம், பிஜிஇ எம்3 கொடுப்பது 1024. பழைய தொகுப்பில் புதியதைத் திணித்தால் அது ஏற்காது, முழுவதையும் மறுபடி குறியிட வேண்டும். இந்த நிலையில் எல்லா ஹெல்த்செக்கும் பச்சைதான், தேடல் மட்டும் வேலை செய்யாது. முதலில் தயார் என்பதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் சண்டை போடலாமே?

பழையசர்வர்:
தயார் என்றால் தயார். இதில் பொருள் தேட என்ன இருக்கிறது?

ஓரிழை:
நான் தொடங்கிய இழை இது என்று நினைவூட்டுகிறேன். காணொளியில் சொன்னது தவறா இல்லையா? அதற்கு மட்டும் ஒரு வரியில் பதில் சொல்லுங்கள்.

மீகாமன்:
எல்லாரும் பொம்மைக் காரில் உட்கார்ந்துகொண்டு நெடுஞ்சாலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். பல இயந்திரங்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் ரெடினெஸ் ப்ரோப் என்று ஒரு தயார்நிலைச் சோதனை இருக்கிறது. பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) தயாராகும்வரை அதற்குப் போக்குவரத்தே அனுப்பாது. இயந்திரம் விழுந்து எழுந்தாலும் அதே விதிதான். இந்த வாதமே அங்கே எழாது.

பழையசர்வர்:
ஏழு கன்டெய்னருக்கு ஒரு கிளஸ்டர், இயந்திரக் கூட்டம். கொசுவை அடிக்கப் பீரங்கி. அதோடு குபெர்னெட்டிஸில் டிபென்ட்ஸ் ஆன் என்ற பேச்சே கிடையாது. வொர்க்கர் காத்திருக்க வேண்டும் என்றால் முதலில் ஓடி முடியும் இனிட் கன்டெய்னர் எழுதி அதில் ஒரு வளையத்தைச் சுற்றவிடுகிறீர்கள். ஆக அங்கேயும் காத்திருக்காது. நான் சொன்னதுதான்.

மீகாமன்:
எதைச் சொன்னாலும் நான் சொன்னதுதான் என்கிறீர்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

@திமிங்கிலம், போன வாரம் வேறொரு இழையில் உங்கள் யாமலைப் போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்தேன். போர்ட்ஸில் 6333:6333 என்று திறந்து வைத்திருக்கிறீர்கள். கியூட்ரன்டுக்கு இயல்பாக ஏபிஐ சாவி எதுவும் கிடையாது. ஊருக்கே கதவைத் திறந்து வைத்துவிட்டு எட்டு மாதமாக விழவில்லை என்று பெருமைப்படுகிறீர்கள்.

திமிங்கிலம்:
யூஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவர் போட்டிருக்கிறேன். 22, 443 தவிர எல்லாம் அடைப்பு.

மீகாமன்:
டாக்கர் தன் விதிகளை நேரடியாக ஐபிடேபிள்ஸ் என்ற அடிமட்ட வடிகட்டியில் எழுதிவிடும். நீங்கள் போர்ட்ஸில் திறந்தது யூஎஃப்டபிள்யூவைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வெளியிலிருந்து ஒரு முறை தட்டிப் பாருங்கள். 127.0.0.1:6333:6333 என்று எழுதியிருக்க வேண்டும். இல்லை, அந்தப் போர்ட்ஸ் வரியே தேவையில்லை, உள்வலையில் சேவைப் பெயரைச் சொல்லியே பேசிக்கொள்ளும்.

திமிங்கிலம்:
அது சோதனை சர்வர்.

பழையசர்வர்:
எட்டு மாதமாக ஒரு நாள் கூட விழாத சோதனை சர்வர். நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

திமிங்கிலம்:
வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் லேட்டஸ்ட் டேக் (பதிப்பு எண் இல்லாமல் ஆகப் புதியது என்று போடும் குறி) இழையில் "நான் எப்போதும் பதிப்பு எண் போட்டுத்தான் இழுப்பேன்" என்று மார்தட்டிவிட்டு, ஒட்டிய படத்தில் நாலு இடத்தில் லேட்டஸ்ட் இருந்ததை நானும் நினைவில் வைத்திருக்கிறேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பழையசர்வர்:
அது வேறு விஷயம். இங்கே பேச வேண்டியது டிபென்ட்ஸ் ஆன்.

புதியவன்7:
யாராவது என் கேள்விக்கு...

வெக்டர்பித்தன்:
தம்பி, ஏபிஐ கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது தன்னைத்தான் குறிக்கும், ஒல்லாமாவை இல்லை. யாமலில் அந்தச் சேவைக்கு என்ன பெயர் வைத்தீர்களோ அதையே முகவரியாகக் கொடுங்கள், பெயர் ஒல்லாமா என்றால் ஒல்லாமா:11434. காத்திருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புதியவன்7:
ஆகா, பிடித்துவிட்டது! மிக்க நன்றி அண்ணே. கோளாறு பார்க்கும்போது டவுன் (எல்லாவற்றையும் இறக்கு) மைனஸ் வி அடித்ததில் குறியிட்ட ஆவணமெல்லாம் போய்விட்டது, அதை எப்படி மீட்பது?

வெக்டர்பித்தன்:
அந்த வி என்பது தரவு சேமித்த வால்யூமையும் அழித்துவிடு என்று அர்த்தம் தம்பி. நகல் இல்லையென்றால் மீட்க முடியாது. பிடிஎஃப்களை மறுபடி ஏற்றுங்கள்.

சொல்லாய்வு:
//வால்யூமையும்//
இதற்கு "தொகுதி" என்று...

பழையசர்வர்:
ஐயா, போதும்.

@திமிங்கிலம், வாதத்தை முடித்துவிடுவோம். நாளை இரண்டு சர்வர் எடுக்கிறேன். ஒன்றில் உங்கள் கண்டிஷன், இன்னொன்றில் திரும்பத் திரும்ப முயலும் என் நிரல் சுற்று. இரண்டையும் பத்து முறை மறுதொடக்கம் செய்து பதிவை அப்படியே இங்கே ஒட்டுகிறேன். காத்திருக்காது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திமிங்கிலம்:
லேட்டஸ்ட் டேக் இழையிலும் "நாளை ஒட்டுகிறேன்" என்றுதான் கடைசியாக எழுதினீர்கள்.

பழையசர்வர்:
அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள்.

ஓரிழை:
பூட்டவில்லை. இப்போதுதான் போய்ப் பார்த்தேன், திறந்துதான் இருக்கிறது.