காலி செய்யும்போது பெயிண்டுக்காக ஒரு மாத வாடகையைக் கழிக்கலாமா?

கெடிலக்கரையான்:
புதுப்பாளையத்தார் நேற்று எழுதியதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. கடலூரில் வாடகை வீடு தேடுவோருக்கு வழிகாட்டுவதாகத் தொடங்கிய அவர், "காலி செய்யும்போது பெயிண்டுக்காக ஒரு மாத வாடகையை அட்வான்சில் கழிப்பது ஊர் வழக்கம், அதற்குத் தயாராக வாருங்கள்" என்று முடித்திருக்கிறார். இது வழக்கம் அல்ல, அடாவடி. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்று அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, கழிவுநீர் அடைப்பை எடுப்பது, சுவிட்ச், பூட்டு போன்றவைதாம் குடியிருப்பவரின் பொறுப்பு. வெள்ளையடிப்பு யார் தலையில் என்பதை எழுதிவைத்த பிறகு, வழக்கம் என்ற சொல்லுக்கு இங்கே என்ன வேலை?

புதுப்பாளையத்தார்:
சட்டத்தைப் பாதி படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். ஒப்பந்தத்தில் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்ற விதிகூட, மாறான உடன்பாடு இல்லாதபோதுதான் பொருந்தும். என் ஒப்பந்தத்தில் பெயிண்ட் பற்றிய வரி தெளிவாக இருக்கிறது. ஓய்வுபெற்றபோது வந்த பணம் முழுவதையும் போட்டுக் கட்டிய வீடு இது. யாரிடமும் பிடுங்கிக் கட்டியதல்ல. ஆணியடித்த சுவரையும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சமையலறையையும் விட்டுவிட்டுப் போகிறவருக்கு நான் மாலை போட வேண்டுமா?

தேவனாம்பட்டினத்துப் பெண்:
ஆணியடித்த சுவரைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆணியே அடிக்காத சுவருக்கு என்ன சொல்வீர்கள், ஐயா? கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றால் பெயிண்ட் தானாகவே பொரிந்து உதிர்கிறது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, கரையோரம் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தக் கறையையும் குடியிருந்தவர் கணக்கில்தான் எழுதுவீர்களா? வீட்டுக்குள் சாமான் இறக்குவதற்கு முன்பே ஒவ்வொரு சுவரையும் தேதி தெரியும்படி படமெடுத்து, உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள் என்று வாடகைக்குப் போகும் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காலி செய்யும் நாளில் உங்கள் பக்கம் பேசுவதற்கு அந்தப் படங்கள் மட்டும்தான் இருக்கும்.

முள்ளோடைவாசி:
நீங்கள் இருவரும் தமிழ்நாட்டுச் சட்டத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கடலூரில் வேலை பார்த்துக்கொண்டு, கன்னியக்கோயிலிலும் பாகூரிலும் வாடகைக்கு இருப்போர் எத்தனையோ பேர். எல்லையைத் தாண்டினால் அந்தச் சட்டம் செல்லாது. புதுச்சேரிக்கு 1969ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனியாக உண்டு. எந்த ஊர் வீடு என்று சொல்லாமல் அறிவுரை கொடுப்பது ஆளைக் குழியில் தள்ளுவதற்குச் சமம்.

கெடிலக்கரையான்:
கடலூர் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். படிக்காமல் வந்து எல்லைக்கோடு போடுகிறீர்கள். புதுப்பாளையத்தாருக்கு ஒரே ஒரு கேள்வி. நேற்று "ஊர் வழக்கம்" என்றீர்கள், இன்று "என் ஒப்பந்தம்" என்கிறீர்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட எழுதாமல் ஒரு மாத வாடகையைக் கழிக்கலாமா, கூடாதா? காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தரவேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அட்டவணையே உரிமையாளர் தலையில் வைத்திருக்கும் வெள்ளையடிப்பு எப்படிக் குடியிருந்தவரின் பாக்கியாகும்?

புதுப்பாளையத்தார்:
ஊரில் எல்லோரும் கழிக்கிறார்கள், நானும் கழிக்கிறேன். உங்களுக்கு வீடு கொடுத்த புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரியாது, அவருக்காக வருந்துகிறேன்.

கெடிலக்கரையான்:
கேள்விக்குப் பதில் வரவில்லை. சென்ற ஆண்டு தண்ணீர் மோட்டார் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் நழுவினீர்கள். வாடகை தாமதமானால் மோட்டாரை நிறுத்திவிடுவேன் என்று இதே இடத்தில் பெருமையாக எழுதியவர் நீங்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது என்று அன்றைக்கும் சொன்னேன். அன்றைக்கும் பதில் இல்லை.

மஞ்சக்குப்பம் சேகர்:
வீடு பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வந்து அழுவதுதான் இங்கே நடக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் எங்கும் பதிய வேண்டாம் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துப் பதிவு வேறு, வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும் என்பதுதான் இப்போதைய சட்டம்.

தேவனாம்பட்டினத்துப் பெண்:
இரு பக்கமும் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு, சாவி கொடுக்கும் நாள்வரை ஒப்பந்தத்தைக் கண்ணில் காட்டாத தரகர்களும் உங்கள் தொழிலில்தானே இருக்கிறார்கள்? படிக்கக் கொடுத்தால்தானே படிக்க முடியும்?

மஞ்சக்குப்பம் சேகர்:
யாரோ செய்ததற்கு என்னைக் கேட்காதீர்கள், அம்மா. நான் முன்கூட்டியே ஒப்பந்தத்தைக் கொடுக்காமல் யாரையும் குடிவைத்ததில்லை.

முள்ளோடைவாசி:
புதுச்சேரிப் பக்கம் என்ன செய்ய வேண்டும் என்று இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கெடிலக்கரையான்:
அதற்குத் தனியாக ஓர் இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி பெயிண்டைப் பற்றியது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு எல்லோரும் மூன்றைச் சொல்லி எழுதி வாங்குங்கள்: வெள்ளையடிப்பு யார் பொறுப்பு, கழிப்பதானால் எவ்வளவு, அந்தச் செலவுக்கு ரசீது காட்டுவாரா என்பது. பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்; கையில் ரொக்கம் கொடுத்தால் கொடுத்ததற்கே சாட்சி இருக்காது. காலி செய்தபின் அட்வான்சைத் திருப்பிக் கொடுக்க மறுத்தால் துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் முறையிடலாம் என்பதை உரிமையாளரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். எழுதப்படாத இடத்தில் அட்டவணைதான் பேசும், வழக்கம் பேசாது.

புதுப்பாளையத்தார்:
ரசீது கேட்கிற ஆளுக்கு நான் வீடு கொடுப்பதில்லை. அடுத்த மாதம் என் மேல்மாடி காலியாகிறது. ஒரு மாத வாடகை பெயிண்டுக்கு என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கும். விருப்பமுள்ளவர் வரலாம்.

கெடிலக்கரையான்:
ஒப்பந்தத்தில் எழுதாமல் கழிக்கலாமா, கூடாதா என்பதுதான் என் கேள்வி. மேல்மாடியைப் பற்றி நான் கேட்கவில்லை.