புதுப்பிப்பு: மகளின் கம்போடியா சேவைப் பயணம்

மகளை இந்தப் பயணத்துக்கு அனுப்பலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன், ஞாபகம் இருக்கலாம். பத்தாவது முடித்த மகளை 12 நாள் 'சேவைப் பயணம்' என்று கம்போடியா கூட்டிப் போகிறார்களாம், அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தர. ஒன்றே முக்கால் லட்சம். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருப்பவனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

அனுப்பவில்லை.

காரணம் பணம் மட்டுமல்ல. "அங்க இருக்கறது நிஜமாவே அநாதைகளான்னு கேளுங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். தேடினேன். கம்போடிய அரசும் யுனிசெஃபும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருந்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பார்வையாளரும் நன்கொடையும் பெருகப் பெருக இல்லங்களும் பெருகியிருக்கின்றன. பயண ஏஜென்ட்டிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "போட்டோ எல்லாம் நல்லா வரும் சார்" என்றார். நான் கேட்டதென்ன, அவர் சொன்னதென்ன!

மகளிடமும் காட்டினேன். படித்தாள், லேப்டாப்பை மூடினாள், இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, தோசைக்கல் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏம்ப்பா, நம்ம தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம், தெலுங்கு பேசுற பசங்களுக்கே எனக்குப் பாடம் எடுக்க வராது. கம்போடியாவுல கெமர் மொழி பேசுற பசங்களுக்கு எப்படி?" என்றாள். அந்த வயதில் எனக்கு இது தோன்றியிருக்காது.

நான் கட்டிய முன்பணம் 20,000 இன்னும் திரும்பி வரவில்லை. 'அடுத்த வாரம்' என்கிறார்கள். பாஸ்போர்ட் பீரோவில், அவள் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது.