கனமான குண்டைப் போட்டதும் என் ஏர்சாஃப்ட் துப்பாக்கி 1.3 ஜூல் வரம்பைத் தாண்டுகிறது: பிழை அளவுக் கருவியிலா, துப்பாக்கியிலா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது ஏர்சாஃப்ட் (சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுட்டு ஆடும் விளையாட்டு) துப்பாக்கி: காஸில் இயங்கும், சுடும்போதெல்லாம் போல்ட் பின்னுக்கு நகரும் ப்ளோபேக் ரைஃபிள். செமி (ஓர் அழுத்தத்துக்கு ஒரு குண்டு), ஆட்டோ (அழுத்தியிருக்கும்வரை தொடர்ந்து) இரண்டிலும் சுடும். வாங்கிய புதிதில் 0.20 கிராம் குண்டு போட்டுக் குரோனோவில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) சோதித்தபோது வேகம் வினாடிக்கு 340 அடி என்று காட்டியது. அதைக் கணக்கிட்டால் 1.07 ஜூல் வருகிறது. பிரிட்டனில் ஆட்டோ துப்பாக்கிக்கு 1.3 ஜூல் வரை அனுமதி உண்டு என்று படித்திருந்ததால் கவலையின்றி ஆடி வந்தேன்.

சென்ற ஆட்டத்தின்போது களப் பொறுப்பாளர், நான் வழக்கமாகப் பயன்படுத்தும் 0.36 கிராம் குண்டையே போட்டுச் சுடச் சொன்னார். கருவியின் திரையில் 290, 288, 291 என்று அடுத்தடுத்து மூன்று எண்கள் வந்தன. மூன்றுக்கும் கீழே ஏறத்தாழ 1.4 ஜூல் என்று இருந்தது. உடனே துப்பாக்கியைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டார். வேகம் 50 அடி குறைந்திருக்கும்போது ஆற்றல் மட்டும் எப்படிக் கூடும் என்பது எனக்குப் புரியவில்லை. கருவி பிழையாகக் காட்டியிருக்குமா? பிழை இல்லையென்றால், ஆட்டோவைத் தொடாமல் செமியில் மட்டும் சுடுகிறேன், எனக்கு 2.5 ஜூல் வரம்புதானே பொருந்தும் என்று வாதிடலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

முதலில் கருவியைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். குரோனோ நேரடியாக அளப்பது வேகத்தை மட்டுமே. குண்டின் எடையை நாம்தான் அதில் பதிய வேண்டும். ஆகவே எடையைத் தவறாகப் பதிந்தால் ஜூல் கணக்கும் தவறும். உங்கள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. 290 அடி என்பது வினாடிக்கு 88.4 மீட்டர், அதன் வர்க்கத்தை 0.00036 கிலோகிராமின் பாதியால் பெருக்கினால் 1.41 ஜூல் கிடைக்கிறது. எடை 0.20 என்றே பதிந்திருந்தால் திரையில் 0.78 தான் வந்திருக்கும். கருவி சரியாகவே சொல்லியிருக்கிறது.

இந்த ஆட்டத்தில் பலரும் வேகத்தை வைத்தே பேசிப் பழகிவிட்டோம். "350க்குள் இருக்கிறது" என்றால் போதும் என்று நினைக்கிறோம். 0.20 கிராம் குண்டுக்கு 1.3 ஜூல் என்பது சுமார் 374 அடி வேகம், 0.36 கிராம் குண்டுக்கோ 278 அடியைத் தாண்டினாலே வரம்பு மீறிவிடுகிறது. குண்டின் எடையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்வதில் பொருளே இல்லை.

மறுமொழி 2

வேகம் குறைந்தும் ஆற்றல் கூடுவதை ஆட்டக்காரர்கள் ஜூல் க்ரீப் என்பார்கள். காஸ் துப்பாக்கியில் வால்வு திறந்ததும் காஸ் தொடர்ந்து வந்து குண்டைத் தள்ளுகிறது. இலேசான குண்டு, காஸ் தன் வேலையை முடிக்கும் முன்பே குழலை விட்டு வெளியேறிவிடும். மிச்சமிருக்கும் காஸ் குழல்முனையில் "புஸ்" என்று வீணாகிறது. கனமான குண்டு மெல்ல நகர்வதால் குழலுக்குள் சற்று அதிக நேரம் தங்கி, அந்த மிச்சத்தையும் வாங்கிக்கொள்கிறது. உங்கள் துப்பாக்கியில் 1.07 என்பது 1.41 ஆனதற்குக் காரணம் இதுதான்.

ஸ்பிரிங்கால் இயங்கும் மின் துப்பாக்கியில் பிஸ்டன் தள்ளும் காற்றின் அளவு ஒவ்வொரு முறையும் ஒன்றே என்பதால் இந்த ஏற்றம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். ஆனால் குழலின் கொள்ளளவை விடச் சிலிண்டர் மிகப் பெரிதாக இருந்தால் அங்கும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்துச் சுடும் ஸ்னைப்பர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும்: 0.20 கிராமில் 500 அடி, அதாவது 2.32 ஜூல், என்று நிம்மதியாக இருப்பார்கள், 0.40 கிராம் குண்டில் 367 அடியைத் தொட்டாலே 2.5 ஜூல் முடிந்துவிடுகிறது.

மறுமொழி 3

சட்டப் பகுதியை நான் சொல்கிறேன். இதில்தான் நீங்கள் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். பிரிட்டனின் 1968ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தங்களின்படி, குழல்முனையில் 1 ஜூலுக்கு மேல் ஆற்றலுடன் எதையும் வெளியேற்றவல்ல குழல் ஆயுதம் உயிராபத்து விளைவிக்கும் ஆயுதமாகக் கொள்ளப்படும். அந்தப் பொது விதியிலிருந்து ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளுக்கு விலக்கு அளிப்பது 57ஏ பிரிவு: 8 மில்லிமீட்டருக்கு மேற்படாத உருண்டைப் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டதாக இருக்க வேண்டும், விசையை மீண்டும் அழுத்தாமலே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குண்டுகளைத் தொடர்ந்து வெளியேற்ற முடிந்தால் 1.3 ஜூல், மற்றவற்றுக்கு 2.5 ஜூல் என்பது உச்சவரம்பு.

இதில் இரண்டு சொற்களை ஊன்றிப் படியுங்கள். வரம்பை மீறி "எந்த வகைக் குண்டையும்" வெளியேற்ற இயலாததாகத் துப்பாக்கி இருக்க வேண்டும் என்கிறது பிரிவு. 0.20 கிராம் குண்டில் மட்டும் சோதித்தால் போதும் என்று எங்கும் இல்லை. அதேபோல் சட்டம் பார்ப்பது துப்பாக்கியால் "இயலுமா" என்பதை. நீங்கள் அன்றைக்கு எந்த நிலையில் வைத்துச் சுட்டீர்கள் என்பதை அல்ல. தேர்வுப் பொத்தானைத் திருப்பினால் ஆட்டோவில் சுடும் என்றால் அது 1.3 ஜூல் வகையைச் சேர்ந்தது. ஆகவே செமியில் மட்டும் சுடுகிறேன் என்ற வாதம் நிற்காது. வரம்பைத் தாண்டிய ஆட்டோ துப்பாக்கி 57ஏ தரும் விலக்கை இழந்து, 5ஆம் பிரிவு சொல்லும் தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிவிடக்கூடும். களப் பொறுப்பாளர் உங்களைத் தடுத்தது உங்கள் நன்மைக்கே, அவர்மீது வருத்தப்படாதீர்கள். சரிசெய்யும்வரை அதை எவருக்கும் விற்கவோ இரவல் தரவோ வேண்டாம்.

வடக்கு அயர்லாந்துக்கு எடுத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் அங்கே வரம்பு 1 ஜூல் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. "எந்த வகைக் குண்டையும்" என்ற சொற்களை நான் இதுவரை கவனித்ததே இல்லை. இப்போது ஆற்றலைக் குறைக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது? அடுத்த ஆண்டு நண்பர்களுடன் ஜெர்மனிக்கு ஆடச் செல்லும் திட்டமும் இருக்கிறது. பிரிட்டனில் சரியாக இருந்தால் அங்கும் சரிதானே?

மறுமொழி 2

நாசிலை (காஸைக் குண்டின் பின்னால் செலுத்தும் முனை) கழற்றிப் பாருங்கள். உள்ளே காஸ் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திருகு வால்வு இருந்தால் கால் சுற்று மட்டும் திருகி, மறுபடி பூட்டி, உங்களிடம் இருப்பதிலேயே கனமான குண்டைப் போட்டு அளந்து பாருங்கள். வால்வு இல்லையென்றால் அத்தகைய நாசிலை மாற்றிப் போடலாம். உட்குழலைக் குட்டையாக்குவதும் ஜூல் க்ரீப்பை நன்றாகக் குறைக்கும். ஹாப்-அப்பை (குண்டுக்குப் பின்சுழற்சி தரும் அமைப்பு) ஆடும்போது வைக்கும் நிலையிலேயே வைத்து அளக்க வேண்டும். அதைத் தளர்த்தினால் எண்கள் மாறிவிடும்.

வெப்பநிலையையும் கணக்கில் கொள்ளுங்கள். இத்துப்பாக்கிகளில் நிரப்பும் கிரீன் காஸில் பெரும்பகுதி புரோப்பேன்தான். அதன் ஆவியழுத்தம் 0 டிகிரியில் சுமார் 4.7 பார், 20 டிகிரியில் சுமார் 8.4 பார். குளிர்ந்த காலையில் 1.25 ஜூல் காட்டிய துப்பாக்கி நண்பகலில் வரம்பை மீறிவிடும். நான் வெதுவெதுப்பான அறையில் வைத்து அளந்து 1.15க்கு மேல் போகாதவாறு வைத்திருக்கிறேன்.

மறுமொழி 3

ஜெர்மனிக்கு இந்தத் துப்பாக்கியைக் கொண்டு செல்லாதீர்கள். அங்கே 0.5 ஜூலுக்கு மேல் ஆற்றலுள்ள ஆட்டோ துப்பாக்கிக்கு அனுமதியே இல்லை. செமியாக இருந்தாலும் 0.5க்கு மேற்பட்டவற்றில் ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற முத்திரை இருக்க வேண்டும், வைத்திருப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஜப்பானில் கணக்கே வேறு: 2006இல் திருத்தப்பட்ட சட்டம் குண்டின் குறுக்குப் பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல் என்று வைத்ததால், 6 மில்லிமீட்டர் குண்டுக்கு அது 0.989 ஜூலாக அமைகிறது. ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டில் சொல்லித் தப்ப முடியாது.

கேட்டவர்

வால்வை முக்கால் சுற்று திருகியதில் வழிக்கு வந்துவிட்டது. அறைக்குள் வைத்து அளந்தபோது 0.36 கிராம் குண்டு 262 அடி, 1.15 ஜூல், 0.20 கிராம் குண்டு 318 அடி, 0.94 ஜூல். இரண்டு எண்களையும் தேதியுடன் ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கிப் பையின் உள்மூடியில் ஒட்டியிருக்கிறேன். அடுத்த ஆட்டத்தில் அதே பொறுப்பாளரிடம் காட்டி மறுபடி அளக்கச் சொல்லப் போகிறேன். ஜெர்மனியில் ஆடுவதற்கு அங்கேயே வாடகைத் துப்பாக்கி கேட்டிருக்கிறோம்.