ஸ்டார்க் மெதுவாக்கியில் மூலக்கூறுகள் எங்கே தொலைகின்றன?

செனான்330:
ஸ்டார்க் மெதுவாக்கி என்பது வரிசையான உயர் மின்னழுத்தக் கம்பி ஜோடிகளின் மின்புலத்தால் மூலக்கூறுக் கற்றையின் வேகத்தைக் குறைக்கும் கருவி; ஒரு ஜோடி ஒரு படி. அதன் முடிவில் மூலக்கூறுகளின் சிக்னல் இல்லையென்றால் முதலில் ஆற்றல் கணக்கைப் பாருங்கள். டியூட்டீரிய அம்மோனியாவைச் செனானில் சிறிதளவு கலந்து அறை வெப்பநிலை வால்விலிருந்து விட்டால் கற்றை 330 மீ/வி அளவில் வரும். இயக்க ஆற்றல் சுமார் 90 செ.மீ⁻¹ (நிறமாலையியலில் ஆற்றலை அளக்கும் அலகு). 3 மி.மீ. கம்பிகள், 2 மி.மீ. இடைவெளி, ±10 கி.வோ. என்றால் ஒரு படி பிடுங்குவது அதிகபட்சம் 1 செ.மீ⁻¹-ஐ ஒட்டித்தான். ஆக, நூறு படிகள் அளவுக்குத் தேவை. ஆர்கானுக்கு மாறினால் வேகம் 560-ஐ ஒட்டும். ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒப்பிட்டுப் பார்க்க: 1999-இல் இயற்பியலாளர் கெரார்ட் மெயரின் குழு 63 படிகளில் கார்பன் மோனாக்சைடை 225-இலிருந்து 98 மீ/வி-க்கு இறக்கியது.

குறைபுலம் நாடும் நிலையில் (புலம் வலுக்க வலுக்க நிலை ஆற்றல் கூடும் நிலையில்) உள்ள மூலக்கூறு வலுவான புலத்துக்குள் ஆற்றல் மேடேறும்போதுதான் வேகம் குறைகிறது. மறுபக்கம் இறங்குவதற்குள் அந்த ஜோடியை அணைத்து அடுத்ததைப் போட வேண்டும். இல்லாவிட்டால் இழந்ததை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளும். படி நீளம் 5.5 மி.மீ. என்றால் தொடக்கத்தில் ஒரு படிக்கு 17 மைக்ரோவினாடி, 20 மீ/வி-யில் 275. ஸ்விட்ச் நேரப் பட்டியலை ஊகித்த வேகத்தில் போடாதீர்கள், அளந்த வேகத்தில் போடுங்கள். வால்வு சூடேறினாலே கற்றை வேகமெடுத்துவிடும்.

கம்பிவேலி:
ஃபேஸ் கோணத்தை (ஜோடியை அணைக்கும் நொடியில் மூலக்கூறு மேட்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதன் அளவு) எடுத்த எடுப்பில் 70 பாகைக்குக் கொண்டுபோகிறவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். 0 பாகையில் வெறுமனே வழிநடத்திப் பாருங்கள். பறக்கும் நேர வரைபடத்தில் கொத்து தெளிவாகத் தெரிந்த பிறகு கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். கோணம் கூடக்கூட ஒரு படியில் போகும் ஆற்றல் கூடும், ஆனால் நிலையாக ஏற்கப்படும் வேக வீச்சு சுருங்கும். படிகளைக் கூட்டிக் கோணத்தைக் குறைப்பதே மேல்.

வேகம் மிகக் குறையும்போது வரும் இழப்பு வேறு வகை. அடுத்தடுத்த ஜோடிகள் 90 பாகை திருப்பி வைக்கப்பட்டிருப்பதால் இரு திசையிலும் குவிப்பு கிடைக்கிறது. மெதுவான மூலக்கூறு ஒரே படியில் நீண்ட நேரம் நிற்பதால் அந்தக் குவிப்பே அளவு மீறி, அதைக் கம்பியில் மோத வைக்கும். நேரப் பட்டியலை எவ்வளவு திருத்தினாலும் இது சரியாகாது. வேகமான பகுதியில் குறுக்கு அசைவும் நெடுக்கு அசைவும் பிணைந்து ஏற்படும் இழப்புக்கு, மூன்று படிகளுக்கு ஒரு முறை மட்டும் ஸ்விட்ச் செய்வது நல்ல மருந்து. ஆனால் படிகள் மூன்று மடங்கு வேண்டும். இந்த இரு இழப்புகளையும் தவிர்க்க நகரும் பொறி (மூலக்கூறுகளைப் பிடித்து வைக்கும் புலக் கூண்டு) வகை மெதுவாக்கி இருக்கிறது, ஆனால் அதன் உயர் மின்னழுத்த அலைவடிவத்தை உண்டாக்குவது தனித் தலைவலி.

மைனஸ்எட்டு:
மேலே சொன்ன எல்லாமே கம்பிகள் மின்னழுத்தத்தைத் தாங்கினால்தான். மெருகேற்றி, சுத்தம் செய்து, கையுறையோடு பொருத்துங்கள். பிறகு வெற்றிடத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். கசிவு மின்னோட்டமோ அழுத்தமோ துள்ளினால் சற்றுக் கீழிறங்கி, அடங்கும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு ஒரு பெரிய தீப்பொறி பறந்தால் பரப்பில் குழி விழும், அந்த இடம் இனி எப்போதும் முதலில் உடையும்.

மெதுவான மூலக்கூறுகளைக் கடைசியில் பிடித்து வைக்கும் பொறியைப் பற்றியும் கொஞ்சம். வளையம் ஒன்று, இரு பக்கமும் மூடிமுனைகள். வந்து சேரும் மூலக்கூறிடம் 15 மீ/வி அளவு மிஞ்சியிருக்கும். முனைகளுக்குச் சமச்சீரற்ற மின்னழுத்தம் கொடுத்து அந்தக் கடைசி மேட்டை ஏற விட்டு, நிற்கும் நொடியில் சமச்சீர் புலத்துக்கு மாற்ற வேண்டும். நேரம் பிசகினால் கூட்டம் உள்ளேயே ஊசலாடி வெப்பம் ஏறும். பொறிக்குள் மூலக்கூறுகளின் ஆயுள் குறைவாக இருந்தால் முதலில் எஞ்சிய வாயு அழுத்தத்தைப் பாருங்கள். அது சரியென்றால் அறைச் சுவரின் வெப்பக் கதிர்வீச்சைச் சந்தேகியுங்கள்: ஹைட்ராக்சில் (OH) மூலக்கூறைச் சில வினாடிகளில் பொறிக்கு ஒவ்வாத சுழற்சி நிலைகளுக்கு அது தள்ளிவிடும். மூன்றாவது சந்தேகம் பொறியின் மையம். அங்கே புலம் சுழியாவதால் மூலக்கூறு தன் நிலையைத் தவறவிட்டு வெளியேறலாம். மையத்தில் சுழியில்லாத மின்முனை அமைப்பு அதைத் தடுக்கும்.