ஊரப்பாக்கம் – ஈக்காட்டுத்தாங்கல் தினப் பயணம்: பெட்ரோல் செலவைக் குறைக்க என்ன வழி?

ஊரப்பாக்கம்வாசி:
வணக்கம். ஊரப்பாக்கத்திலிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்குத் தினமும் பைக்கில் போய்வருகிறேன். போகவர 45 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். வண்டி 2017 மாடல், 125 சிசி, கார்புரேட்டர். முன்பு லிட்டருக்கு 55 கொடுத்தது, இப்போது 45தான். பெட்ரோலுக்கு மட்டும் மாதம் ரூ.2,500 தாண்டுகிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தான் மைலேஜ் போகிறது என்கிறார் ஒருவர். நூறு ரூபாய்க்குப் போடாதே, 110க்குப் போடு என்கிறார் இன்னொருவர். விடியற்காலையில் போட்டால் அளவு கூட வருமாம். எதை நம்புவது? பேசாமல் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிடலாமா?

பீச் லோக்கல்:
தம்பி, நான் கூடுவாஞ்சேரி. பல வருடமாக இதே தடத்தில் ரயிலில் போகிறவன் என்பதால் சொல்கிறேன்: மைலேஜைத் தேடுவதைவிட ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டுவதை விடுவதில்தான் உங்களுக்குப் பணம் மிச்சம்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வரை மட்டும் பைக்கில் போங்கள். அங்கிருந்து மின்சார ரயில். மாத சீசன் இரண்டாம் வகுப்புக் கட்டணம் மூன்று லிட்டர் பெட்ரோல் விலைக்குள் அடங்கிவிடும். இதை நம்பாமல் இன்னும் எத்தனையோ பேர் பெருங்களத்தூரில் புகை குடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஈக்காட்டுத்தாங்கல் என்றதும் எல்லோரும் கிண்டியில் இறங்கி மெட்ரோ பிடிக்கிறார்கள். அது நீல வழித்தடம், ஆலந்தூருக்குத் திரும்பி வந்து மாற வேண்டும். அதற்கு முந்தைய ஸ்டேஷனான பரங்கிமலையிலேயே இறங்கிவிடுங்கள். பச்சை வழித்தடம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. ஆலந்தூர், அடுத்தது ஈக்காட்டுத்தாங்கல். உட்காரவும் இடம் கிடைக்கும். சிங்காரச் சென்னை அட்டையிலோ மொபைல் க்யூஆர் டிக்கெட்டிலோ போனால் மெட்ரோ கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. மாதக் கடைசியில் பார்த்தால் சீசனைவிட மெட்ரோவுக்குத்தான் அதிகம் போயிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். கை இறுக்கமான மாதத்தில் கிண்டி வரை போய், கோயம்பேடு பக்கம் போகும் மாநகரப் பேருந்தில் ஏறிவிடலாம். அதனால் சீசனைக் கிண்டி வரைக்கும் எடுங்கள். நடுவில் எந்த ஸ்டேஷனிலும் இறங்க அந்தச் சீசன் செல்லும்.

கூட்டம் உண்டு, மறைக்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி மறைமலை நகர், கூடுவாஞ்சேரியிலேயே நிரம்பிவிடும். தாம்பரத்தில் புறப்படும் வண்டியில் உட்கார்ந்து போகலாம் என்று சிலர் தாம்பரம் வரை பைக்கில் போகிறார்கள். நான் சொல்ல மாட்டேன். அந்தச் சாலையைத் தவிர்க்கத்தானே ரயிலுக்கே வருகிறோம்! அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் நிற்கவாவது நல்ல இடம் கிடைக்கும்.

பட்டறைக்காரர்:
எத்தனால் விஷயத்துக்கு வருகிறேன். பெட்ரோலைவிட எத்தனாலில் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் குறைவது உண்மைதான். ஆனால் பழைய இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் குறையும் என்றுதான் நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. 55இல் 4 சதவீதம் என்றால் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். உங்களுக்குப் பத்து போயிருக்கிறது. மீதி எட்டு வண்டியில்தான் எங்கோ ஒளிந்திருக்கிறது சார்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் வைத்துப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சட்டென்று நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். என் பட்டறைக்கு மைலேஜ் குறை சொல்லி வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அப்புறம் டயர் காற்று, செயின் தொய்வு, ஏர் ஃபில்டர். உங்களுடையது கார்புரேட்டர் என்பதால் எரிபொருள் மாறினால் தானாகச் சரிசெய்துகொள்ளாது, ஒருமுறை ட்யூனிங் பார்க்கச் சொல்லுங்கள். சிக்னலில் ஊர்ந்து போகும்போது கிளட்ச்சைப் பாதி பிடித்தே ஓட்டும் பழக்கம் இருந்தால் அதுவும் பெட்ரோலைத் தின்னும்.

110 ரூபாய்க் கதையில் ஒன்றும் இல்லை. விடியற்காலைக் கதையும் அப்படியே; பங்கில் தொட்டி பூமிக்கு அடியில் இருக்கிறது, ஒரே நாளில் அதன் சூடு பெரிதாக மாறாது. அளவில் சந்தேகமா? எடையளவுத் துறை முத்திரையுள்ள 5 லிட்டர் அளவை ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

மேடவாக்கம் அம்மா:
எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். உங்கள் தூரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை யூனிட் ஆகும். இரண்டு மாத பில்லில் 80 யூனிட்டுக்குக் கிட்டே. ஸ்கூட்டர் விலையைப் பார்க்கும் முன் மின்வாரிய அட்டையைப் பாருங்கள். ஏற்கெனவே 450 யூனிட்டை ஒட்டி வந்தால், ஸ்கூட்டரும் சேர்ந்து 500ஐத் தாண்டிவிடும். தாண்டினால் அதிகப்படி யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள படியிலும் (ஸ்லாப்) கட்டணம் கூடுகிறது. 300க்குள் வரும் வீடு என்றால் தயங்காமல் யோசிக்கலாம். வாடகை வீடாக இருந்தால் சார்ஜ் போட பிளக் எங்கே என்பதை வீட்டுக்காரரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

ஊரப்பாக்கம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், ஒரு சுற்றுகூட முழுசாகப் போகவில்லை! நாளைக்கே பட்டறை. எங்கள் வீட்டு பில் 480 யூனிட் வருகிறது, அதனால் ஸ்கூட்டர் இப்போதைக்கு வேண்டாம். அண்ணா, சீசன் மாதாமாதம் எடுப்பதா, மொத்தமாகவா?

பீச் லோக்கல்:
முதலில் ஒரு மாதத்துக்கு எடுங்கள் தம்பி. கூட்டம் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்று அதில் தெரிந்துவிடும். சரி என்று பட்டால் மூன்று மாத சீசன், 2.7 மாதக் கட்டணம்தான் வாங்குவார்கள். ஸ்டேஷனில் வண்டி விடவும் மாத டோக்கன் உண்டா என்று கேளுங்கள், தினமும் சீட்டு வாங்குவதைவிட அது மலிவாக இருக்கும்.